பால் கணக்கில் கலந்துபோன மாறிகள்: ஒரு பைத்தான் நிரலின் நிகழ்வு ஆய்வு

ஒரு கிராமத்துப் பால் சேகரிப்பு மையத்தில் பத்து நாளுக்கு ஒரு முறை பட்டுவாடா நடக்கும். காலையும் மாலையும் உறுப்பினர்கள் ஊற்றும் பாலின் அளவு, ஃபேட் (கொழுப்பு), எஸ்என்எஃப் (கொழுப்பல்லாத திடப்பொருள்) ஆகிய மூன்றையும் வைத்துத் தொகையைக் கணக்கிட்டு, கடனில் வாங்கிய தீவனத்துக்கும் முன்பணத்துக்கும் பிடித்தம் செய்து, மீதியை ஆளுக்கொரு சீட்டாக அச்சிட்டுக் கொடுப்பார்கள். இந்தக் கணக்கைப் பார்த்துவந்தது ஏறத்தாழ 900 வரிகள் கொண்ட ஒரு பைத்தான் நிரல். அதை எழுதியவர் மையத்திலேயே வேலை பார்த்த ஓர் இளைஞர். கல்லூரியில் ஜாவா படித்தவர், பைத்தானைத் தாமாகவே கற்றுக்கொண்டவர். நிரல் ஓராண்டுக்கு மேல் பெரிய புகார் இல்லாமல் ஓடியது. பிறகு ஒரு பட்டுவாடா நாளில் 4ஆம் எண் உறுப்பினரான பெரியவர் ஒருவர் சீட்டை மேசைமேல் வைத்து, “எம்பேருல எதுக்குத் தம்பி மூணு மூட்டைத் தீவனம் விழுந்திருக்கு? எங்கிட்ட இருக்கறதே ஒரு மாடுதானே” என்று கேட்டார். அன்று மாலை என்னை அழைத்தார்கள்.

நான் போனது அந்த ஒரு பிழைக்காக. பார்த்து முடிப்பதற்குள் நான்கு பிழைகள் வெளிப்பட்டன. நான்கும் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு உருவத்தில் இருந்தாலும் வேர் ஒன்றுதான். ஒரு செயற்கூற்றிலிருந்து (ஃபங்ஷன்) இன்னொன்றுக்கு மதிப்பைக் கொண்டுசெல்ல வேண்டிய ஒவ்வோர் இடத்திலும், அதைக் கைக்குக் கை கொடுக்காமல், இருவருக்கும் பொதுவான ஓரிடத்தில் வைத்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று நிரல் நம்பியிருந்தது. அந்தப் பொதுவான இடம் எது, அது எத்தனை பேருக்குப் பொது, எவ்வளவு நேரம் உயிரோடிருக்கும் என்பவற்றை எழுதியவர் ஜாவாவின் கணக்கில் யூகித்திருந்தார். பைத்தானின் கணக்கு வேறு.

நிரலின் பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்தன. இங்கே அவற்றைத் தமிழாக்கியே தருகிறேன். 2008 டிசம்பரில் பைத்தான் 3.0 வந்ததிலிருந்து மாறிகளுக்குத் தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்க முடியும் என்பதால் இது வெறும் கற்பனையும் அன்று. பைத்தானின் குறிச்சொற்களையும் அதில் வழக்கமாக வரும் பெயர்களையும் மட்டும் ஒலிபெயர்த்திருக்கிறேன். செயற்கூறு, இனக்குழு (கிளாஸ்), வரையெல்லை (ஸ்கோப்) போன்றவை நம் பள்ளிப் பாடநூல்களில் பழகிய சொற்கள்.

தீவன மூட்டைகள் எங்கிருந்து வந்தன

பெரியவரின் சீட்டை முதலில் நிதானமாகப் படித்தேன். அந்தச் சீட்டு தன்னைத் தானே மறுத்தது. கீழே ‘நிலுவை’ என்ற வரியில் ஒரு மூட்டைக்கான தொகை மட்டும் சரியாக இருந்தது. மேலே ‘பிடித்தங்கள்’ என்ற பகுதியிலோ மூன்று வரிகள். இரண்டையும் எழுதியது ஒரே மெத்தட் (இனக்குழுவுக்குள் எழுதிய செயற்கூறு). அதன் வடிவம் இது:

கிளாஸ் உறுப்பினர்:
    நிலுவை = 0
    பிடித்தங்கள் = []

    டெஃப் தீவனம்_சேர்(செல்ஃப், தொகை):
        செல்ஃப்.நிலுவை = செல்ஃப்.நிலுவை + தொகை
        செல்ஃப்.பிடித்தங்கள்.அப்பெண்ட்(தொகை)

பார்வைக்கு இரண்டு வரிகளும் உடன்பிறந்தவை. ஆனால் முதல் வரி ஒவ்வோர் உறுப்பினருக்கும் தனிக் கணக்கு எழுதுகிறது, இரண்டாவது வரி ஊருக்கே ஒரு கணக்கு எழுதுகிறது. ஏன் என்று விளங்கிக்கொள்ள, இனக்குழுவின் உடலைப் பைத்தான் எப்படி நடத்துகிறது என்று பார்க்க வேண்டும். அந்த உடல் இனக்குழு வரையறுக்கப்படும்போது ஒரே ஒரு முறை இயக்கப்படுகிறது. ஆகவே அந்தச் சதுர அடைப்புக்குறிகள் உருவாக்கும் வெற்றுப் பட்டியலும் ஒன்றே ஒன்றுதான். அது இனக்குழுவுக்குச் சொந்தம். பிறகு நூற்று நாற்பது உறுப்பினர் பொருள்களை (ஆப்ஜெக்ட்) உருவாக்கினாலும் புதிய பட்டியல் எதுவும் பிறப்பதில்லை.

‘செல்ஃப்.பிடித்தங்கள்’ என்று படிக்கும்போது பைத்தான் முதலில் அந்தப் பொருளின் சொந்தப் பதிவேட்டில் தேடுகிறது. அங்கே இல்லாவிட்டால் இனக்குழுவின் பதிவேட்டுக்குப் போகிறது. படிப்பதற்குத்தான் இந்த இரண்டு படிகள். எழுதும்போது, அதாவது சமக்குறியின் இடப்பக்கம் ‘செல்ஃப்.நிலுவை’ என்று வரும்போது, அந்தப் பெயர் நேரே பொருளின் சொந்தப் பதிவேட்டில் பதிவாகிறது. நிலுவையின் கதை இப்படித்தான் தப்பித்தது: வலப்பக்கம் இனக்குழுவின் பூச்சியத்தைப் படித்து, தொகையைக் கூட்டி, விடையைப் பொருளின் மேல் புதிதாக எழுதியது. பிடித்தங்களில் சமக்குறியே இல்லை. ‘அப்பெண்ட்’ எந்தப் பெயரையும் புதிதாகக் கட்டுவதில்லை; ஏற்கெனவே இருக்கும் பட்டியலைக் கண்டுபிடித்து அதற்குள் ஒரு மதிப்பைப் போடுகிறது. கண்டுபிடித்தது எல்லோருக்கும் பொதுவான பட்டியல்.

இதைச் சொல்லில் மட்டும் விளக்கினால் அந்த இளைஞருக்கு நம்பிக்கை வராது என்று தோன்றியது. அதனால் இரண்டே இரண்டு உறுப்பினர்களை உருவாக்கி, ஒருவருக்கு மட்டும் ஒரு மூட்டை சேர்த்து, ‘வார்ஸ்’ என்ற செயற்கூற்றால் இருவரின் சொந்தப் பதிவேட்டையும் அச்சிட்டுக் காட்டினேன். முதலாமவருக்கு எண், பெயர், நிலுவை என மூன்று பதிவுகள் இருந்தன. இரண்டாமவருக்கு எண்ணும் பெயரும் மட்டுமே. பிடித்தங்கள் என்ற பெயர் இருவரிடமுமே இல்லை. பிறகு ‘ஐடி’ என்ற செயற்கூற்றால் இருவருடைய பிடித்தங்களின் அடையாள எண்ணையும் கேட்டபோது ஒரே நீண்ட எண் இரண்டு முறை திரையில் வந்தது. அதைப் பார்த்ததும் அவர் தலையில் கைவைத்தார். மேற்கொண்டு விளக்கத் தேவைப்படவில்லை.

அவர் தவறியதற்கு நியாயமான காரணம் உண்டு. ஜாவாவில் இனக்குழுவின் உடலில் ஒரு புலத்தை அறிவித்தால், ‘ஸ்டாட்டிக்’ என்று சொல்லாதவரை அது ஒவ்வொரு பொருளுக்கும் தனியானது. நிலுவை சரியாக வேலைசெய்ததைப் பார்த்து, பைத்தானிலும் அதே விதிதான் என்று அவர் முடிவுகட்டியதைக் குறைசொல்ல முடியாது. எண்களையும் சரங்களையும் இருந்த இடத்திலேயே மாற்ற முடியாது. எப்போதும் புதியதை உருவாக்கிப் பெயரை மறுபடி கட்டத்தான் வேண்டும். அதனால் இனக்குழு மட்டத்தில் எண்ணை வைப்பவருக்குப் பிழை தெரிவதே இல்லை. பட்டியலோ அகராதியோ வைக்கும் நாளில்தான் தெரியும்.

ஆனால் ஓராண்டாக இது ஏன் வெளிப்படவில்லை? முன்பெல்லாம் சீட்டு அச்சிடும் பகுதியை ஒவ்வோர் உறுப்பினருக்கும் தனித்தனியாக இயக்குவார்கள்: எண்ணைத் தட்டினால் சீட்டு வரும், அந்த இயக்கம் முடிந்துவிடும். அடுத்தவருக்கு இயக்கும்போது எல்லாம் புதிதாகத் தொடங்கும். பட்டியல் பொதுவானதுதான் என்றாலும் அதைப் பகிர்ந்துகொள்ள இரண்டாவது ஆள் இருந்ததே இல்லை. அந்தப் பட்டுவாடாவுக்கு முந்திய நாள்தான், நேரம் மிச்சமாகட்டும் என்று, எல்லா உறுப்பினர்களையும் ஒரே சுற்றில் அச்சிடும்படி மாற்றியிருக்கிறார். சுற்றில் முதலில் வந்த 1ஆம் எண் சீட்டு சுத்தமாக இருந்தது. 4ஆம் எண்ணில் முன்னவர்கள் இருவரின் மூட்டைகள் சேர்ந்தன. எண் 60-ஐத் தாண்டியதும் சீட்டின் அடியில் கழித்தல் குறி வரத் தொடங்கியது. பால் ஊற்றியவர் மையத்துக்குப் பணம் தர வேண்டும் என்று கணக்குச் சொன்னது. அவர் ஒவ்வொரு மாற்றத்தையும் சோதித்துத்தான் பார்த்திருக்கிறார். சோதனைக்கு எப்போதும் எடுத்தது 1ஆம் எண்ணை. அது அவருடைய அம்மாவின் எண்.

திருத்தம் சிறியது. பட்டியலை இனக்குழுவின் உடலிலிருந்து எடுத்து, பொருள் பிறக்கும்போது இயங்கும் தொடக்க மெத்தடுக்குள் ‘செல்ஃப்.பிடித்தங்கள் = []’ என்று எழுதினோம். இப்போது ஒவ்வொரு பொருள் பிறக்கும்போதும் ஒரு புதுப் பட்டியல் பிறக்கிறது. இடையில் அவர் ‘அப்பெண்ட்’டுக்குப் பதில் ‘செல்ஃப்.பிடித்தங்கள் += [தொகை]’ என்று மாற்றிப் பார்த்தார்; சமக்குறி வந்துவிட்டதே, இனித் தனியாகிவிடும் என்பது அவர் எதிர்பார்ப்பு. உண்மையில் இது இன்னும் குழப்பமானது. பட்டியலுக்கு ‘+=’ முதலில் பழைய பட்டியலுக்குள்ளேயே சேர்க்கும்; பிறகு அதே பட்டியலைப் பொருளின் சொந்தப் பெயரிலும் கட்டிவிடும். ‘வார்ஸ்’ஸில் பார்த்தால் பிடித்தங்கள் தனிச்சொத்தைப் போலத் தெரியும், உள்ளே இருப்பது ஊர்ச்சொத்துதான்.

இந்தக் கண்ணி பழையது என்பதால் மொழியை வளர்ப்பவர்களும் ஓரளவு வேலி போட்டிருக்கிறார்கள். 2018இல் வந்த பைத்தான் 3.7இன் ‘டேட்டாகிளாஸ்’ வசதியில் ஒரு புலத்துக்கு இயல்பு மதிப்பாக வெற்றுப் பட்டியலைக் கொடுத்தால், இனக்குழுவை வரையறுக்கும்போதே பிழை எழுப்பி நிறுத்திவிடும். சாதாரண இனக்குழுவுக்கு அந்தக் காவல் இல்லை. செயற்கூற்றின் அளபுருவுக்கு (அழைக்கும்போது கொடுக்கும் மதிப்பை ஏற்கும் பெயருக்கு) ‘வரிகள்=[]’ என்று இயல்பு மதிப்பு கொடுப்பதும் இதே குடும்பம்தான்; டெஃப் வரி இயங்கும்போது ஒரு முறை பிறக்கும் பட்டியலை ஒவ்வோர் அழைப்பும் பகிர்ந்துகொள்ளும். சீட்டு அச்சிடும் செயற்கூற்றில் அதுவும் ஒன்று இருந்தது. எடுத்துவிட்டோம்.

மானிட்டரில் ஒட்டியிருந்த துண்டுச்சீட்டு

கணினித் திரையின் ஓரத்தில் ஒரு துண்டுச்சீட்டு செல்லோடேப்பால் ஒட்டப்பட்டிருந்தது: ‘மாலை மொத்தத்தில் காலை மொத்தத்தைக் கழிக்கவும்.’ எழுத்து மங்கியிருந்தது. பல மாதமாக அங்கே இருந்திருக்க வேண்டும். கணக்கரிடம் கேட்டேன். “மெசின் அப்படித்தான் சார் காட்டும். நாங்க கழிச்சுக்குவோம்” என்றார். இடையில் மின்சாரம் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, சற்று யோசித்து, “அன்னிக்குக் கணக்கு கொஞ்சம் இடிக்கும்” என்றார்.

என்னைப் பொறுத்தவரை அந்த ஒட்டுச்சீட்டுத்தான் இந்த ஆய்வின் மிக நல்ல சான்று. ஒரு முழுதளாவிய (குளோபல்) மாறியின் வாழ்நாள் எவ்வளவு என்பதைப் பாடநூலைவிடத் தெளிவாக அது காட்டியது. நிரல் திறந்திருக்கும்வரை அந்த மாறி உயிரோடிருக்கும். காலையில் சேர்ந்த லிட்டர் மாலைவரை அதில் நிற்கும். நண்பகலில் மின்தடை வந்து கணினி மறுபடி எழுந்தால் மாறி பூச்சியத்திலிருந்து தொடங்கும்; ஆனால் கணக்கர் துண்டுச்சீட்டின்படி காலையைக் கழிப்பார்.

அந்த மாறி முழுதளாவியதாக ஆன வரலாறு சுவையானது. முதலில் அது கோப்பின் தலைப்பகுதியில் ‘மொத்தம் = 0’ என்று சாதாரணமாக எழுதப்பட்டிருந்தது. ‘பதிவுசெய்’ என்ற செயற்கூறு அதை அச்சிட மட்டும் செய்தது, சிக்கல் இல்லை. செயற்கூற்றுக்குள் ஒரு பெயரைப் படித்தால் பைத்தான் முதலில் உள்ளமை (லோக்கல்) வரையெல்லையிலும், பிறகு அதைச் சூழ்ந்த செயற்கூறுகளிலும், பிறகு மாட்யூலின் (அந்த நிரல் கோப்பின்) முழுதளாவிய வரையெல்லையிலும், இறுதியில் மொழியோடு வரும் பெயர்களிலும் தேடும். மாட்யூலில் இருந்த பூச்சியம் கிடைத்தது. பின்னொரு நாள் அதே செயற்கூற்றின் கடைசியில் ‘மொத்தம் = மொத்தம் + அளவு’ என்ற வரியைச் சேர்த்தார். உடனே பிழை வந்தது. அந்தப் பிழை புதிதாகச் சேர்த்த வரியில் வராமல், அதற்கு மேலே அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த அச்சு வரியில் வந்தது. மதிப்பு எதுவும் கட்டப்படாத உள்ளமை மாறியைத் தொட்டுவிட்டாய் என்பது அதன் சாரம்.

ஒரு பெயர் உள்ளமையா இல்லையா என்பதைப் பைத்தான் வரிவரியாக ஓடும்போது முடிவுசெய்வதில்லை. செயற்கூற்றை இயக்குவதற்கு முன் மொழிபெயர்க்கும்போதே (கம்பைல்), அதன் முழு உடலையும் பார்த்து முடிவுசெய்துவிடுகிறது. உடலில் எங்கேனும் ஓரிடத்தில் அந்தப் பெயருக்கு மதிப்பிருத்தல் (சமக்குறியால் மதிப்பைக் கட்டுவது) இருந்தால், அந்தச் செயற்கூறு முழுவதிலும் அது உள்ளமைப் பெயர். கடைசி வரியில் செய்த மாற்றம் முதல் வரியை முறிக்கும் விந்தை இதனால்தான். ‘டிஸ்’ என்ற மாட்யூலைக் கொண்டு செயற்கூற்றின் உள்கட்டளைகளைப் பிரித்துப் பார்த்தால், வரி சேர்ப்பதற்கு முன் மாட்யூலில் தேடும் கட்டளை இருந்த இடத்தில், சேர்த்தபின் உள்ளமையில் எடுக்கும் கட்டளை இருப்பதைக் கண்ணாலேயே காணலாம்.

அவர் இணையத்தில் தேடினார். ‘குளோபல் மொத்தம்’ என்று செயற்கூற்றின் தலையில் ஒரு வரி போட்டால் போதும் என்று விடை கிடைத்தது. போட்டார், பிழை மறைந்தது. பைத்தான் அந்த இடத்தில் உண்மையில் ஒரு கேள்வி கேட்டது: இந்த மொத்தம் யாருடையது, இந்தச் செயற்கூற்றுடையதா, மாட்யூலுடையதா? அவர் தந்த பதில் இலக்கணப்படி செல்லும்; கணக்குப்படி தவறு. ஒரு வேளையின் மொத்தம் அந்த வேளைக்குத்தான் சொந்தம். அதன் வாழ்நாள் நிரலின் வாழ்நாளாக இருக்கக் கூடாது.

இப்போது ‘வேளை’ என்ற இனக்குழு ஒன்று இருக்கிறது. காலை வேளைக்கு ஒரு பொருள், மாலை வேளைக்கு ஒரு பொருள். மொத்தத்தை எந்த மாறியிலும் சேமிப்பதே இல்லை. கேட்கும்போது அந்த வேளையின் பதிவுகளைக் கூட்டி ஒரு மெத்தட் திருப்பி அனுப்பும். சில நூறு பதிவுகளைக் கூட்ட ஆகும் நேரம் மனிதக் கண்ணுக்குத் தெரியாது.

இதையே செயற்கூற்றுக்குள் செயற்கூறு வைத்தும் செய்யலாம். வெளிச் செயற்கூற்றின் மொத்தத்தை உட்செயற்கூறு மாற்ற வேண்டுமானால் ‘நான்லோக்கல்’ என்று அறிவிக்க வேண்டும். இந்தச் சொல்லும் 3.0இல்தான் வந்தது, அதற்கு முன்பு ஒற்றை உறுப்புள்ள பட்டியலை வைத்துக்கொண்டு அதன் உள்ளிருப்பதை மாற்றும் தந்திரத்தைக் கையாண்டார்கள். மேலே சீட்டைக் கெடுத்த அதே குணம் அங்கே உதவிக்கு வந்தது. பால் கணக்குக்கு அந்த நுட்பம் தேவைப்படவில்லை.

விலை மாறியும் மாறாதது

மூன்றாவது பிழை சிறியது. விலை விவரங்கள் ‘அமைப்பு’ என்ற தனி மாட்யூலில் இருந்தன. முதன்மைக் கோப்பு ‘ஃப்ரம் அமைப்பு இம்போர்ட் அடிப்படை_விலை’ என்று எடுத்துக்கொண்டிருந்தது. திரையில் புதிய விலையைத் தட்டினால் அமைப்பு மாட்யூலின் செயற்கூறு ஒன்று அங்கே அதை மாற்றி, கோப்பிலும் சேமிக்கும். ஆனால் கணக்கோ பழைய விலையிலேயே ஓடும். நிரலை மூடித் திறந்தால்தான் புதியது வரும். ஃப்ரம் வடிவிலான இம்போர்ட், அந்த நேரத்தில் அமைப்பில் இருக்கும் மதிப்புக்கு முதன்மைக் கோப்பில் இன்னொரு பெயர்ச்சீட்டைக் கட்டுகிறது. பிறகு அமைப்பில் இருக்கும் சீட்டை அவிழ்த்து வேறு எண்ணில் கட்டினால், இங்கே கட்டிய சீட்டு அசையாது. ‘இம்போர்ட் அமைப்பு’ என்று மாட்யூலையே எடுத்து, வேண்டும்போதெல்லாம் ‘அமைப்பு.அடிப்படை_விலை’ என்று கேட்டிருந்தால் மாற்றம் தெரிந்திருக்கும்.

ஆனால் அதோடு நிறுத்த நான் விரும்பவில்லை. பட்டுவாடாக் காலத்தின் நடுவில் விலை மாறினால், மாறுவதற்கு முன் ஊற்றிய பாலுக்குப் பழைய விலைதானே? விலையை எல்லோரும் எட்டிப் பார்க்கும் பொது மாறியாக வைக்கும்வரை இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. கணக்கிடும் செயற்கூற்றுக்கு அளவு, ஃபேட், எஸ்என்எஃப் ஆகியவற்றோடு அந்த நாளின் விலைப்பட்டியலையும் அளபுருவாகக் கொடுக்கும்படி மாற்றினோம். இப்போது அந்தச் செயற்கூறு வெளியே எதையும் பார்ப்பதில்லை. கையில் கொடுத்ததை வைத்துக் கணக்கிட்டு விடையைத் திருப்பி அனுப்புகிறது. சென்ற மாதச் சீட்டை இன்றைக்கு மறுபடி அச்சிட்டாலும் அதே தொகை வரும்.

இரண்டு மேசைகள், ஒரு பெயர்

நான்காவதுதான் என்னை உண்மையிலேயே கவலைப்பட வைத்தது. காலை நெரிசலைச் சமாளிக்க இரண்டு மேசைகள் போட்டு, இரண்டிலும் உலாவியில் பதிவுசெய்யும்படி ஃப்ளாஸ்க் என்ற பைத்தான் வலைக் கருவியைக் கொண்டு ஒரு வலைப்பக்கம் அமைத்திருந்தார். முதல் திரையில் உறுப்பினர் எண்ணையும் அளவையும் தட்ட வேண்டும். பால் சோதனைக் கருவியில் ஃபேட் அளவு வந்தபின் இரண்டாவது திரையில் அதைத் தட்ட வேண்டும். முதல் திரையின் செயற்கூற்றிலிருந்து இரண்டாவது திரையின் செயற்கூற்றுக்கு உறுப்பினர் எண் போய்ச்சேர வேண்டுமே? அதற்கு ‘நடப்பு_உறுப்பினர்’ என்ற முழுதளாவிய மாறி.

ஒரு மேசையில் 17ஆம் எண்ணைத் தட்டிவிட்டு ஃபேட் வரக் காத்திருக்கிறார்கள். அதற்குள் அடுத்த மேசையில் 52ஐத் தட்டுகிறார்கள். மாறியில் இப்போது 52. முதல் மேசைக்காரர் ஃபேட்டைத் தட்டியதும் 17ஆம் எண்காரரின் பால் 52ஆம் எண்ணின் கணக்கில் ஏறுகிறது. எந்தப் பிழைச் செய்தியும் வராது. மொத்த லிட்டர் சரியாகவே இருக்கும். உறுப்பினர் தானாகக் கவனித்தால் ஒழிய வெளிவராது.

இதை அவர் ஏற்கெனவே மோப்பம் பிடித்திருந்தார். த்ரெட் சிக்கல் (ஒரே நேரத்தில் ஓடும் இழைகள் மோதுவது) என்று நினைத்து, மாறியைத் தொடும் வரிகளைச் சுற்றி ஒரு பூட்டு போட்டிருந்தார். பூட்டால் பயன் இல்லை. வழங்கி (சர்வர்) ஒரே த்ரெட்டில் ஓடினாலும் இந்தக் குழப்பம் நேரும். ஏனெனில் இடைவெளி இரண்டு வரிகளுக்கு நடுவில் இல்லை, உலாவி அனுப்பும் இரண்டு கோரிக்கைகளுக்கு நடுவில் இருக்கிறது. அந்த அரை நிமிடமும் பூட்டு திறந்தேதான் கிடக்கும். 3.7இல் வந்த ‘கான்டெக்ஸ்ட்வார்ஸ்’ போன்ற கருவிகளும் இங்கே உதவா. அவை ஒரு கோரிக்கைக்குள் நடக்கும் வேலைகளுக்குத் தனித்தனி மதிப்பு வைத்துக்கொடுப்பவை, அடுத்த கோரிக்கைக்குக் கடத்துபவை அல்ல. வழங்கியைப் பல புராசஸ்களாக (தனித்தனி இயக்கங்களாக) ஓடவிட்டிருந்தால் நிலைமை இன்னும் விசித்திரமாகியிருக்கும்: ஒவ்வொரு புராசஸுக்கும் அந்த மாறியின் தனி நகல் இருக்கும், தட்டிய எண் சில நேரம் கிடைக்கும், சில நேரம் கிடைக்காது.

இப்போது முதல் திரை பதிவைத் தரவுதளத்தில் எழுதி ஒரு பதிவெண் பெறும். இரண்டாவது திரையின் படிவத்தில் அந்தப் பதிவெண் மறைபுலமாக (திரையில் தெரியாத புலமாக) கூடவே வரும். ஃபேட்டைத் தட்டும்போது எந்தப் பதிவுக்கு என்பதை அந்தக் கோரிக்கையே சொல்லிவிடும். செயற்கூற்றின் அளபுரு என்ற அதே எளிய யோசனைதான், இரண்டு கோரிக்கைகளுக்கு நடுவில் நீட்டப்பட்டது.

செல்ஃப் என்ற பெயரில் திரும்பி வந்தது

இளைஞர் ஒரு வாரத்தில் மறுபடி எழுதிக்கொண்டு வந்தார். குளோபல் என்ற சொல் நிரலில் எங்குமே இல்லை, அவருக்குப் பெருமை. ஆனால் திறந்து பார்த்தால் ‘மையம்’ என்று ஒரே பெரிய இனக்குழு, செல்ஃப்.அளவு, செல்ஃப்.ஃபேட், செல்ஃப்.தொகை, செல்ஃப்.நடப்பு_உறுப்பினர் என முப்பதுக்கும் மேற்பட்ட பண்புகள். பொருளோ ஒன்றே ஒன்று, நிரலின் தொடக்கத்தில் உருவாக்கப்பட்டது. மெத்தடுகள் எதற்கும் அளபுரு இல்லை. எதுவும் எதையும் திருப்பி அனுப்புவதில்லை. ‘தொகை_கணக்கிடு’ செல்ஃபில் தொகையை வைக்கும்; ‘பிடித்தம்_செய்’ அதை எடுத்துக் குறைக்கும்; ‘சீட்டு_அச்சிடு’ மீதியை அச்சிடும். இரண்டாவது மெத்தடைத் தவறிப்போய் இரண்டு முறை அழைத்தால் இரண்டு முறை பிடித்தம் ஆகும். முதலாவதை அழைக்க மறந்தால் முந்தைய உறுப்பினரின் தொகை இவருக்கு வரும். பழைய முழுதளாவிய மாறிகள்தான். முன்னால் ‘செல்ஃப்’ என்று ஓர் ஒட்டு.

இதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. மெத்தடுகள் செல்ஃப் வழியாகப் பகிர்ந்துகொள்வது பிழை அன்று. அதற்காகத்தான் செல்ஃப் இருக்கிறது. எந்த மதிப்பு அந்தப் பொருளின் குணமோ அது செல்ஃபில் இருக்கட்டும்: உறுப்பினருக்கு எண், பெயர், நிலுவை; வேளைக்கு நாள், காலையா மாலையா, பதிவுகள். ஒரு மெத்தட் கணக்கிட்டு அடுத்த மெத்தடுக்குக் கொடுக்கும் இடைக்கால விடை எவருடைய குணமும் அன்று. அது திருப்பி அனுப்பப்பட்டு, அளபுருவாக உள்ளே போக வேண்டும். இந்த ஒரே அளவுகோலை வைத்து முப்பது பண்புகளையும் ஒவ்வொன்றாக எடுத்து உட்கார்ந்து பார்த்தோம். ஒரு மாலைப்பொழுது போயிற்று. இனக்குழுக்கள் எல்லாவற்றிலுமாகச் சேர்த்து ஒன்பது மிஞ்சின.

மாட்யூல் மட்டத்தில் சிலவற்றை விட்டுவைத்தோம்: மையத்தின் பெயர், தரவுதளக் கோப்பின் இடம், சீட்டின் அகலம். இவற்றை எல்லோரும் படிக்கிறார்கள், ஓடும்போது எவரும் மாற்றுவதில்லை. அதனால் தொல்லை இல்லை. எல்லாவற்றையும் அளபுருவாக்கியே தீர வேண்டும் என்ற பிடிவாதத்தால், ஆறு செயற்கூறுகளுக்கு நடுவே சீட்டின் அகலத்தைக் கைமாற்றிக்கொண்டு போகும் நிரல்களையும் பார்த்திருக்கிறேன். படிப்பவருக்கு அது துன்பம்.

சோதனைக்கு ஒரு புது வழக்கம் வைத்தோம். எந்தச் சோதனையும் ஓர் உறுப்பினரோடு நிற்கக் கூடாது; குறைந்தது இருவர், இரண்டு வேளை, இருவரின் தொகையும் வேறுபட வேண்டும், அதே சோதனையை நிரலை மூடாமல் இரண்டு முறை ஓட்ட வேண்டும். நான்கு பிழைகளில் தீவனம், மொத்தம் ஆகிய இரண்டையும் இந்த ஒரு சோதனையே பிடித்திருக்கும். விலைக்கும் இரண்டு மேசைகளுக்கும் தனித்தனியாக ஒவ்வொன்று எழுதினோம்.

கெட்டுப்போன கணக்குகளைச் சரிசெய்வது மீதியிருந்தது. தீவனப் பிடித்தமும் விலையும் எளிதாக முடிந்தன: மூலப்பதிவுகள் கோப்பில் அப்படியே இருந்ததால், புதிய நிரலில் அவற்றை மறுபடி ஓட்டிச் சீட்டுகளைப் புதிதாக அச்சிட்டோம். பெரியவருக்கு ஒரு மூட்டை மட்டும் பிடிக்கப்பட்டது. இரண்டு மேசைக் குழப்பத்துக்கு அப்படிச் செய்ய முடியவில்லை, ஏனெனில் அங்கே மூலப்பதிவே தவறு. பால் சோதிப்பவர் ஒவ்வோர் உறுப்பினரின் அட்டையிலும் பேனாவால் அளவையும் ஃபேட்டையும் குறித்துக் கொடுக்கும் பழைய வழக்கத்தை மையம் கைவிடாதிருந்தது நல்லதாயிற்று. அட்டைகளை வாங்கி, கணினிப் பதிவுகளோடு இரண்டு நாள் ஒப்பிட்டதில் பதினொரு பதிவுகள் இடம் மாறியிருந்தது தெரிந்தது. ஒன்பதை அட்டையைக் கொண்டு சரிசெய்தோம். மற்ற இரண்டுக்கும் உரிய அட்டைகள் பால் கேனுக்கு அடியில் நனைந்து மை கரைந்துபோயிருந்தன. அந்த இருவருக்கும் அந்தந்த வேளையில் சர்ச்சைக்குரிய இரண்டு அளவுகளில் எது கூடுதலோ அதையே கொடுத்துவிடலாம் என்று செயலாளர் முடிவுசெய்து, பதிவேட்டில் கையெழுத்திட்டார்.